தலைக்கு வந்தது கையோடு போனது

எலும்பு டாக்டர் பதில்கள்

போன இதழில், வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொள்வது பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் ஒரு கட்டு விழுந்தவர்களுடையதே அல்ல, அடி வாங்கியவர்களுடையது. மட்டை விழுந்தது, பேட் பட்டது, கம்பு பட்டது, விறகுக்கட்டை பட்டது என்று ஆளுக்கொரு காரணம். சரி, இந்த முறை முழுக்க முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவிலேயே நிற்போம் என்று முடிவு செய்துவிட்டேன். பெயர்களை எல்லாம் எடுத்துவிட்டேன். ஊரும் வேண்டாம் என்றவர்களுக்கு ஊரையும்.

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன். வயது 52. காய்ந்த மட்டை ஒன்று மேலேயிருந்து வரும் சத்தம் கேட்டுத் தலையை மறைக்கக் கையைத் தூக்கினேன். இடது முன்கையில் விழுந்தது. எக்ஸ்ரே பார்த்துவிட்டு, "அல்னா மட்டும்தான் உடைந்திருக்கிறது, ரேடியஸுக்கு ஒன்றுமில்லை" என்று முழங்கைக்குக் கீழே மட்டும் மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். என் மச்சான் "கை எலும்பு உடைந்தால் பிளேட் வைத்தே ஆக வேண்டும், இந்த டாக்டருக்கு ஆபரேஷன் தெரியாது போல" என்கிறார். வேறு இடம் பார்க்கட்டுமா?

மச்சானை ஒரு நிமிஷம் ஓரமாக உட்காரச் சொல்லுங்கள்.

உங்கள் நல்ல கையை எடுத்து, முழங்கை முனையிலிருந்து சுண்டுவிரல் பக்கமாக மணிக்கட்டு வரைக்கும் ஒரு விரலால் தடவிக்கொண்டே வாருங்கள். வழி முழுக்க எலும்பின் விளிம்பு தட்டுப்படும். நடுவில் எங்கேயும் சதை குறுக்கே வராது. அதுதான் அல்னா. இப்போது கட்டைவிரல் பக்கம் தடவிப் பாருங்கள். மணிக்கட்டுக்கு அருகே எலும்பு தெரியும், மேலே போகப் போகச் சதைக்குள் ஒளிந்துகொள்ளும். அது ரேடியஸ். கடைசியாக, முகத்துக்கு நேரே ஏதோ வருகிறது என்று நினைத்துக் கையைத் தூக்குங்கள். வெளியே பார்த்துக்கொண்டு நிற்பது எது? சதையே இல்லாத அந்த அல்னா விளிம்புதான். தலைக்கு வந்த அடியை அது வாங்கிக்கொள்கிறது. அடி நேராகப் பட்ட இடத்திலேயே, பெரும்பாலும் குறுக்குவாக்கில், கரும்பை முழங்காலில் வைத்து ஒடித்தது மாதிரி உடைகிறது.

அமெரிக்கப் போலீஸ்காரர்கள் இரவு ரோந்தில் வைத்திருந்த தடிக்கு 'நைட்ஸ்டிக்' என்று பெயர். தடியடிக்குக் கையைத் தூக்கி உடைத்துக்கொண்டவர்களை வைத்து இந்த முறிவுக்கும் 'நைட்ஸ்டிக் முறிவு' என்றே பெயர் வந்துவிட்டது. நம் ஊரில் பெயர் வைத்திருந்தால் லத்தி முறிவு என்றிருப்போம். உங்கள் தோப்பில் மட்டை முறிவு.

பிளேட் விஷயத்துக்கு வருகிறேன். அல்னா தனியாக உடைந்து, உடைந்த முனைகள் எலும்பின் பாதி அகலத்துக்கு மேல் விலகாமலும், வளைவு 10 டிகிரியைத் தாண்டாமலும் இருந்தால், அதுவும் முறிவு முழங்கைப் பக்கத்து மூன்றில் ஒரு பங்கில் இல்லாமல் கீழே இருந்தால், கட்டே போதும். பக்கத்தில் ரேடியஸ் முழுசாக நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு சவ்வு இழுத்துப் பிடித்திருக்கிறது. வேலியில் ஒரு மூங்கில் ஒடிந்தால் அடுத்த மூங்கில் தாங்குகிற மாதிரிதான். முழங்கைக்கு மேலே கட்டு வேண்டியதில்லை என்று உங்கள் டாக்டர் முடிவு செய்ததும் சரிதான். தேவையில்லாமல் முழங்கையையும் சேர்த்துக் கட்டி, பிறகு அது மடங்க மாட்டேன் என்று அடம்பிடிப்பதைப் பார்த்துப் பார்த்து அலுத்துப் போனவள் நான். வீக்கம் வடிந்ததும் இரண்டு மூன்று வாரத்தில் மாவுக்கட்டைப் பிரித்து, கழற்றி மாட்டுகிற பிரேஸ் போட்டு, விரல், மணிக்கட்டு, முழங்கை எல்லாவற்றையும் அசைக்கச் சொல்வார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். முதல் மூன்று வாரம், வாரம் ஒருமுறை எக்ஸ்ரேக்குப் போய்விடுங்கள். முனைகள் நகர்வதாக இருந்தால் அப்போதுதான் நகரும். நகர்ந்துவிட்டால் பிளேட் பேச்சை எடுப்போம், அதற்கு அப்போதும் நேரம் இருக்கும். ஒட்டுவதற்கு எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். பீடி குடிப்பவராக இருந்தால் இன்னும் இழுக்கும். புகை, எலும்பு ஒட்டுவதைத் தள்ளிப் போடும் என்பதில் எங்களுக்குள் சண்டையே கிடையாது. சர்க்கரை இருந்தால் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் எக்ஸ்ரேயை நான் பார்க்கவில்லை. எழுதியிருப்பதை வைத்துச் சொன்னால், அந்த டாக்டருக்கு ஆபரேஷன் தெரியும், தேவையில்லாத இடத்தில் செய்யாமல் இருக்கவும் தெரியும்.

பெயரும் ஊரும் வேண்டாம். ஆறு மாதத்துக்கு முன்னால் என் வலது முன்கை உடைந்தது. பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்று ஆஸ்பத்திரியில் சொன்னேன். டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பக்கத்தில் நின்ற என் கணவரைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கட்டு போட்டு அனுப்பிவிட்டார். கை இப்போது சரியாகிவிட்டது. நான் விழவில்லை. அந்த டாக்டருக்குத் தெரிந்திருக்குமா என்பதுதான் எனக்கு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

தெரிந்திருக்காது. ஆனால் சந்தேகம் வந்திருக்கும்.

வழுக்கி விழுகிறவர் உள்ளங்கையை ஊன்றுவார். பாரம் மணிக்கட்டில் இறங்கும், அங்கேதான் உடையும். சில சமயம் முழங்கையில், சில சமயம் தோளில். ஊன்றி விழுந்து, மற்றதெல்லாம் நன்றாக இருக்க, அல்னா மட்டும் நடுவில் குறுக்காக உடைவது குறைவு. அப்படி ஒரு எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் மாட்டினால், 'இந்தக் கை ஊன்றின கை இல்லை, தூக்கின கை' என்று மனசு சொல்லும். அது தீர்ப்பு இல்லை. பாத்ரூம் தொட்டி விளிம்பில் முன்கை மோதியும் இதே முறிவு வரலாம். எக்ஸ்ரேயில் கம்பும் தெரியாது, கம்பைப் பிடித்த கையும் தெரியாது. அதனால்தான் கேட்க வேண்டும். கூட வந்தவரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும். அவர் கேட்கவில்லை.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் ட்ரெய்னிங் முடித்து ஒரு அரசு ஆஸ்பத்திரியில் சேர்ந்த புதிது. இரவு கேஷுவாலிட்டியில் ஒரு பெண், இடுப்பில் குழந்தை, கையில் ஈரத்துணி சுற்றியிருந்தது. ஆட்டுக்கல்லில் தடுக்கி விழுந்ததாகச் சொன்னார். அப்போதெல்லாம் என்னைப் பார்த்ததும் "சிஸ்டர், எலும்பு டாக்டர் எப்போ வருவாரு?" என்று கேட்பார்கள். அவர் கேட்கவில்லை. பெண் டாக்டர் என்று தெரிந்ததும் ஒரு விநாடி என் முகத்தையே பார்த்தார். அல்னா நடுவில் முறிவு. முன்கையின் வெளி விளிம்பில், எலும்பு உடைந்த இடத்துக்கு நேர் மேலே, இரண்டு விரல் அகலத்தில் நீளமாகக் கன்றிப்போன தடம். ஆட்டுக்கல் உருண்டையானது, அப்படி ஒரு தடம் போடாது. பின்னால் வரிசையில் இன்னும் ஆறு பேர் நின்றார்கள். 'தவறி விழுந்ததாகச் சொல்கிறார்' என்று எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன். மூன்று மாதம் கழித்து அவர் மறுபடியும் வந்தார். இந்த முறை தாடை. அன்றிலிருந்து கூட வந்தவரை எக்ஸ்ரே ஃபிலிம் வாங்கிவர அனுப்பிவிட்டுத்தான் பேச்சை ஆரம்பிப்பேன்.

இப்போது உங்களுக்குச் சில விவரங்கள். என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை, அது உங்கள் கையில். எலும்பு முறிவு எதுவாக இருந்தாலும், விரிசல் என்றாலும், சட்டத்தில் அது 'கொடுங்காயம்'. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 320-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 116-ஆம் பிரிவு. வேண்டுமென்றே அதை உண்டாக்கினால் ஏழு வருஷம் வரை சிறை. ஆறு மாதம் ஆகிவிட்டதால் கதவு மூடிவிடவில்லை. எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சீட்டு, மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் போன் கேமராவில் எடுத்து நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பிவையுங்கள். அசலை வீட்டில் வைக்காதீர்கள். முதலில் விழுந்துவிட்டேன் என்று சொன்னதற்காக யாரும் உங்களைப் பொய்க்காரி என்று ஒதுக்கிவிட முடியாது. பக்கத்தில் யார் நின்றார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

போலீஸ், கேஸ் என்று உடனே போக விருப்பமில்லை என்றால் 2005-ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது. அடிக்கக்கூடாது என்று கோர்ட்டில் பாதுகாப்பு உத்தரவு வாங்கலாம். அந்த வீட்டிலேயே இருக்கும் உரிமையும் அந்தச் சட்டத்தில் உண்டு. "கேஸ் போட்டால் தெருவில் நிற்பாய்" என்று யாராவது சொல்லியிருந்தால் அது மிரட்டல்தான். இலவச சட்ட உதவிக்குப் பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. பெண்கள் உதவி எண் 181-க்குக் கூப்பிட்டால் ராத்திரி இரண்டு மணிக்கும் எடுப்பார்கள்.

இன்னொரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போகிற நிலைமை வந்தால், வரவே கூடாது, வந்தால், டாக்டரிடம் நடந்ததைச் சொல்லுங்கள். 'தெரிந்த நபர் ஒருவர் இன்ன பொருளால் தாக்கியதாகச் சொல்கிறார்' என்று ஏ.ஆர். புத்தகத்தில், அதாவது ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டில், எழுதுவார். அந்த ஒரு வரி பின்னால் பத்து சாட்சிக்குச் சமம்.

எனக்கு மறுபடி எழுதுங்கள். அச்சில் போட மாட்டேன்.

நான் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், திருநெல்வேலி. பழங்கால எலும்புக்கூடுகளில் முன்கை முறிவைப் பார்த்து அவர் சண்டையில் அடிபட்டவர் என்று சொல்லிவிடுகிறார்களே, அது எந்த அளவுக்கு நம்பத்தக்கது?

சார், நல்ல இடத்தில் வந்து சேர்ந்தீர்கள். எகிப்தில் அஸ்வான் அணையை உயர்த்தப்போய் நூபியாப் பகுதிக் கல்லறைகள் தண்ணீருக்குள் போக இருந்தன. 1907-இல் அவசர அவசரமாகத் தோண்ட ஆரம்பித்தார்கள். அங்கே கிடைத்த ஆயிரக்கணக்கான எலும்புக்கூடுகளைப் பார்த்த எலியட் ஸ்மித், உட் ஜோன்ஸ் என்ற இரண்டு உடற்கூறு நிபுணர்கள் 1910-இல் அறிக்கை வெளியிட்டார்கள். எலும்பு முறிவுகளில் முன்கை முறிவு மிக அதிகம், அதுவும் அல்னாவில். எகிப்தியர்கள் 'நபூத்' என்ற நீளக் கம்பை வைத்துச் சண்டை போடுவார்கள், நம் சிலம்பம் மாதிரி. அந்த அடியைத் தடுக்கப்போய்தான் உடைந்திருக்கிறது என்று முடிவு கட்டினார்கள். அதிலிருந்து 'தடுப்பு முறிவு' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

பின்னால் வந்தவர்கள் கொஞ்சம் நிதானமானார்கள். அல்னா உடைந்தாலே சண்டை என்றால், படியில் உருண்டவனும் மல்லன் ஆகிவிடுவான். ரேடியஸ் உடையாமல் இருக்க வேண்டும், முறிவு அல்னாவின் பாதிக்குக் கீழே இருக்க வேண்டும், குறுக்காக இருக்க வேண்டும், அதிகம் விலகியிருக்கக் கூடாது. இந்த நான்கும் பொருந்தினால் மட்டும் 'தடுத்திருக்கலாம்' என்று சொல்லலாம். கேஷுவாலிட்டியில் நாங்கள் பார்ப்பதும் ஏறத்தாழ இதே நான்கைத்தான். ஒரே வித்தியாசம், எங்கள் ஆள் உயிரோடு இருப்பதால் கேட்டுப் பார்க்கலாம். கேட்டாலும் சில பேர் சொல்வதில்லை, மேலே படித்திருப்பீர்கள்.

என் மகனுக்கு ஏழு வயது. விளையாடும்போது பெரியப்பா மகன் வீசிய பேட் முன்கையில் பட்டுவிட்டது. எக்ஸ்ரேயில் "அல்னா லேசாக வளைந்திருக்கிறது, குழந்தைதானே, தானாக நிமிர்ந்துவிடும்" என்று மாவுக்கட்டு போட்டார்கள். ஐந்து வாரத்தில் பிரித்தாயிற்று. இப்போது கையை முழுசாக மடக்க முடியவில்லை. முழங்கைக்கு முன்னால் சின்ன உருண்டை மாதிரி தட்டுப்படுகிறது. கட்டு போட்டதால் வந்த இறுக்கம், எண்ணெய் தேய்த்தால் போகும் என்கிறார் மாமியார். சரிதானா?

அம்மா, எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, இந்த வாரமே ஒரு எலும்பு மருத்துவரிடம் போங்கள். தேய்த்துவிடவும் வேண்டாம், இழுத்துவிடவும் வேண்டாம். முடிந்தால் குழந்தைகள் எலும்பு மருத்துவர், மதுரை, சென்னை, கோவை போன்ற ஊர்களில் இருக்கிறார்கள்.

அந்த உருண்டை, ரேடியஸின் தலையாக இருக்கலாம் என்பது என் பயம். முன்கையின் இரண்டு எலும்பும் மேலேயும் கீழேயும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை. ஒன்று உடைந்து குட்டையானால் மற்றது ஏதாவது ஒரு முனையில் நழுவ வேண்டியிருக்கும். இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு படுத்துவிட்டால் இன்னொன்றின் கழுத்து என்ன ஆகும்? அந்தக் கதைதான். அல்னா மேல்பக்கம் உடைந்து, ரேடியஸ் தலை முழங்கையில் நழுவினால் அதற்கு மாண்டீஜியா முறிவு என்று பெயர். ரேடியஸ் உடைந்து, மணிக்கட்டுப் பக்கம் அல்னா நழுவினால் கலியாட்ஸி முறிவு. உங்கள் மகனுக்குப் பொருந்துவது முதலாவது. குழந்தைகளுக்கு அல்னா உடையக்கூட வேண்டாம், பச்சைக் குச்சி மாதிரி வளைந்தாலே போதும், ரேடியஸ் தலை இடம் மாறிவிடும்.

மிலான் நகரத்து அறுவை மருத்துவர் மாண்டீஜியா இதை எழுதியது 1814-இல். எக்ஸ்ரே வந்ததே 1895-இல்தான். அவர் எழுதியிருப்பதில் எனக்குப் பிடித்தது எது தெரியுமா? ஒரு சிறுமிக்கு அல்னா முறிவு என்று கட்டு போட்டிருக்கிறார். ஒரு மாதம் கழித்துக் கட்டைப் பிரித்து, கையை நீட்டிப் பார்த்தால் ரேடியஸ் தலை துருத்திக்கொண்டு வெளியே வருகிறது. மறுபடி கட்டிப் பார்த்தார், நிற்கவில்லை. மறைக்காமல் எழுதி வைத்தார். எந்த முறிவுக்கு அவர் பெயர் வைத்தார்களோ, அதை முதலில் தவறவிட்டவரும் அவர்தான். 200 வருஷம் கழித்து, எக்ஸ்ரே, சி.டி. எல்லாம் வைத்துக்கொண்டும் நாங்கள் இன்னும் தவறவிடுகிறோம்.

காரணம் பெரும்பாலும் சின்னது. முன்கை வீங்கியிருக்கிறது, முன்கையை மட்டும் படம் எடுக்கிறார்கள், முழங்கை ஃபிலிமின் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நிற்கிறது. முன்கை முறிவு என்றால் முழங்கையும் மணிக்கட்டும் முழுசாகத் தெரிகிற மாதிரி, நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, இரண்டு படம் வேண்டும். டாக்டர்கள் மனசுக்குள் ஒரு கோடு போடுவோம். ரேடியஸின் கழுத்து வழியாக ஒரு பென்சில் கோடு இழுத்தால், அது மேல்கை எலும்பின் கீழ் முனையில் இருக்கும் உருண்டையின் நடுவில் போய் முட்ட வேண்டும். எந்தக் கோணத்தில் எடுத்த படமானாலும் முட்ட வேண்டும். முட்டாமல் பக்கத்தில் ஓடினால் நழுவியிருக்கிறது. அவ்வளவுதான் சூட்சுமம். பழைய ஃபிலிமையும் கையோடு எடுத்துப் போங்கள்.

போகிற வழியில் ஒன்று பாருங்கள். மகனிடம் 'சூப்பர்' என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். ரேடியஸ் தலைக்குப் பக்கத்தில் ஓடும் ஒரு நரம்பு, விரல்களையும் கட்டைவிரலையும் நீட்டுவது. அது நசுங்கினால் 'சூப்பர்' வராது. வரவில்லை என்றாலும் பதற வேண்டாம், பெரும்பாலும் தேறிவிடும், ஆனால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

முதல் நாளே கண்டுபிடித்திருந்தால் மயக்க மருந்து கொடுத்து அல்னாவை நிமிர்த்தினாலே ரேடியஸ் தலை உள்ளே போய் உட்கார்ந்திருக்கும். இப்போது ஆபரேஷன் தேவைப்படலாம். அல்னாவை வெட்டி நிமிர்த்தி, தலையை இடத்தில் வைப்பார்கள். ஆனாலும் வாரக் கணக்கில் இருக்கும்போது போவதும், வருஷக் கணக்கில் ஆனபிறகு போவதும் ஒன்றல்ல. நீங்கள் இன்னும் நல்ல நேரத்தில்தான் இருக்கிறீர்கள். பேட் வீசிய பெரியப்பா மகனைத் திட்டித் தீர்க்காதீர்கள், பாவம் அவன்.

முன்கை முறிவுக்கு எங்கள் ஊரில் மூங்கில் பத்தை வைத்து எண்ணெய்க் கட்டு போடுவார்கள். என் தாத்தாவுக்கு அப்படித்தான் ஒட்டியது. ஏன் டாக்டர்கள் எல்லாரும் நாட்டுக் கட்டு என்றாலே முறைக்கிறீர்கள்? – வாசகர், தேனி மாவட்டம்

நான் முறைப்பதில்லை. விலகாத அல்னா முறிவு பத்தை வைத்தாலும் ஒட்டும், மாவுக்கட்டிலும் ஒட்டும். எலும்பு ஒட்டுவது எலும்பின் வேலை, நாங்கள் இருவரும் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்கள். எகிப்தில் நான்காயிரம் வருஷத்துக்கும் முந்தைய கல்லறையில் முன்கைக்குப் பத்தை கட்டியபடியே ஒருவரைப் புதைத்திருக்கிறார்கள். இதில் நாம் வெட்கப்பட ஒன்றுமில்லை.

என் சண்டை இறுக்கத்தோடு. முன்கைத் தசைகள் நீளமான உறைகளுக்குள் அடைத்து வைத்தவை. உறைக்கு இழுபடும் குணம் கிடையாது. அடிபட்ட அன்று உள்ளே ரத்தம் கட்டும், தசை வீங்கும். வெளியே இறுக்கமாகக் கட்டிவிட்டால் வீக்கம் போக வழியில்லாமல் உள்ளேயே நெருக்கி, ரத்த ஓட்டத்தை நிறுத்தும். நாட்டுக் கட்டில் மட்டுமல்ல, நாங்கள் போடும் மாவுக்கட்டிலும் நடக்கும். கட்டே போடாமலும் நடக்கும். ஆறு மணி நேரத்துக்கு மேல் போனால் தசை சாக ஆரம்பிக்கும். செத்த தசை சுருங்கி, விரல்கள் கழுகு நகம் மாதிரி மடங்கியபடி நின்றுவிடும். ஃபோல்க்மன் என்ற ஜெர்மானியர் 1881-இல் இதை விவரித்தார். கடைசியாக நான் பார்த்த பையன் பத்தாவது படித்தான். வலது கை. பரீட்சையை இடது கையால் எழுதப் பழகிக்கொண்டிருந்தான்.

எப்படிக் கண்டுபிடிப்பது? வலி. உடைந்த எலும்பு வலிக்கும்தான், ஆனால் கட்டு போட்டுத் தூக்கி வைத்தால் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கும். இது அடங்காது, ஏறிக்கொண்டே போகும். மாத்திரைக்கு மசியாது. மடங்கியிருக்கும் விரல்களை நீங்கள் மெதுவாக நீட்டிப் பாருங்கள், துடித்து அலறினால் அதுதான். மரத்துப்போவது, விரல் வெளிறுவது, நாடி தெரியாமல் போவது எல்லாம் பிந்தி வருபவை. அதற்காகக் காத்திருந்தால் காலம் கடந்துவிடும். நாடி நன்றாக அடிக்கும்போதே உள்ளே தசை செத்துக்கொண்டிருக்கலாம்.

ராத்திரி என்று பார்க்காதீர்கள். கட்டியவர் கோபித்துக்கொள்வார் என்று பார்க்காதீர்கள், கட்டியது நானாக இருந்தாலும் சரி. கட்டை உள்சுற்றுத் துணி வரைக்கும் முழு நீளத்துக்கும் வெட்டித் திறந்துவிட வேண்டும். கை நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். உடனே ஆஸ்பத்திரி. திறந்தும் வலி குறையவில்லை என்றால் உறையையே நீளமாகக் கீறித் திறக்க வேண்டியிருக்கும். பார்க்கப் பயங்கரமாக இருக்கும், கை பிழைக்கும்.

உங்கள் ஊர் வைத்தியரிடம் இந்த ஒரு பத்தியை மட்டும் படித்துக் காட்டுங்கள். நல்லவராக இருந்தால் ஒத்துக்கொள்வார்.

சிலம்பம் கற்றுக்கொடுக்கிறேன். பயிற்சியில் கம்பு பட்டு இரண்டு எலும்பும் உடைந்து பிளேட் வைத்து எட்டு மாதம் ஆகிறது. அல்னா பக்கம் பிளேட் தோலுக்கடியில் தட்டுப்படுகிறது, மேஜையில் கை வைத்தால் குத்துகிறது. எடுத்துவிட்டு மறுபடி கம்பு சுற்றலாமா?

ஆசானே, அவசரம் வேண்டாம். தட்டுப்படுவதும் குத்துவதும் சகஜம், அங்கே மூடிக்கொள்ளச் சதையே இல்லை என்று முதல் பதிலில் சொல்லியிருக்கிறேன். ஆனால் முன்கை பிளேட்டைச் சீக்கிரம் எடுப்பதில் ஒரு சங்கடம். பிளேட் பாரத்தைத் தாங்கிக்கொண்டிருந்ததால் அடியில் இருக்கும் எலும்பு கொஞ்சம் சோம்பேறியாகியிருக்கும். திருகாணி எடுத்த ஓட்டைகள் வேறு. அந்த ஓட்டை வழியாகவே மறுபடி உடைந்தவர்கள் உண்டு. குறைந்தது ஒன்றரை வருஷம், முடிந்தால் இரண்டு வருஷம் போகட்டும். தொந்தரவு இல்லாவிட்டால் எடுக்கவே வேண்டாம். எடுத்தபிறகும் இரண்டு மூன்று மாதம் கம்புச் சண்டை கூடாது.

தனியாகக் கம்பு சுற்றுவது வேறு, எதிரில் ஆள் நிற்பது வேறு. எக்ஸ்ரேயில் இரண்டு எலும்பும் நன்றாக ஒட்டியிருந்து, உள்ளங்கையை மேலும் கீழும் முழுசாகத் திருப்ப முடிந்தால், முதலாவதை உங்கள் டாக்டரைக் கேட்டு ஆரம்பிக்கலாம். இரண்டாவதுக்கு முன்கைக் காப்பு போட்டுக்கொள்ளுங்கள். மாணவர்களுக்கும் போடுங்கள். வீரத்துக்கு இழுக்கு என்று நினைப்பவர்கள் 2020 டிசம்பர் அடிலெய்டு டெஸ்டை நினைத்துக்கொள்ளட்டும். இந்தியா 36 ரன்னில் சுருண்டதே, அன்று கடைசி ஆளாக நின்ற ஷமியின் வலது முன்கையில் கம்மின்ஸ் பந்து வந்து விழுந்தது. பந்து வீசுகிற கை. அந்தத் தொடரில் அவர் மறுபடி ஆடவில்லை.

எலும்பு ஒட்ட பிரண்டைத் துவையல், ஆட்டுக்கால் சூப் இரண்டில் எது நல்லது? – இல்லத்தரசி, கும்பகோணம்

எது ருசியோ அது. பிரண்டை எலும்பை ஒட்டவைக்கும் என்று பேரே வாங்கியிருக்கிறது. காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் 1960-களில் விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்து, சீக்கிரம் ஒட்டுவதாகவும் எழுதினார்கள். மனிதர்களிடம் அதே உறுதியோடு சொல்ல எனக்குத் தைரியமில்லை. நார் எடுத்து, நன்றாக வதக்கி, புளி சேர்த்து அரைத்தால் நாக்கு அரிக்காது, சாப்பிடுங்கள். சூப்பில் கால்சியம் கொட்டிக்கிடக்கிறது என்பது நினைப்புதான். முட்டை, பால், கேழ்வரகு, பருப்பு, கொஞ்சம் வெயில். மூட்டு வலிக்கு என்று எழுதிய மாத்திரையை இதற்குச் சாப்பிடாதீர்கள்.

அல்னா முறிவுக்குக் கட்டு பிரித்து ஒரு வாரம். பைக் எப்போது ஓட்டலாம்? ஆபீஸ் 14 கிலோமீட்டர். – வாசகர், ஓசூர்

முதலில் எக்ஸ்ரேயில் ஒட்டியிருக்கிறது என்று டாக்டர் சொல்ல வேண்டும். அது ஆனபிறகு வீட்டிலேயே ஒரு சோதனை. வாளியில் ஒரு துண்டை நனைத்து இரண்டு கையாலும் முறுக்கிப் பிழியுங்கள். வலிக்காமல், பாதியில் விடாமல், சொட்டு நிற்கும்வரை பிழிய முடிந்தால் கிளட்சும் பிரேக்கும் பிடிக்கலாம். முடியாதவரை பஸ்தான். பஸ்ஸிலும் மேல்கம்பியை மற்ற கையால் பிடித்துக்கொள்ளுங்கள்.